பெருநாள் எந்த வீட்டில்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாள். தொழுகை முடிந்து, குத்பாவும் துஆவும் முடிந்து, மக்கள் ஒருவரையொருவர் தழுவி முஸாபஹா செய்துகொண்டிருந்தார்கள். பள்ளிவாசல் முற்றம் முழுவதும் அத்தர் மணம். ஹவுளின் ஓரமாக ஒரு சிறுவன் மட்டும் தனியே நின்றான். எங்கள் மக்தபில் ஓதுகிற பிள்ளை; வயது ஒன்பது. முகமெல்லாம் வியர்வை. அருகில் போய்ப் பார்த்தேன். ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருந்தான். இரண்டும் புதியவை.

"என்ன தம்பி, இரண்டு சட்டை?" என்றேன்.

"உள்ள இருக்கிறது அத்தா எடுத்துக் கொடுத்தது, ஹஜ்ரத். மேல இருக்கிறது மாமு எடுத்துக் கொடுத்தது. எதைப் போட்டாலும் ஒருத்தர் கோவிச்சுக்குவாங்க" என்றான்.

தலை நிமிர்ந்து பார்த்தேன். வாசலின் ஒரு பக்கம் அவனுடைய அத்தா நின்றார். மறுபக்கம் தாய்மாமன் நின்றார். இருவரும் எனக்கு ஸலாம் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. யாரை முதலில் தழுவுவது என்று தெரியாமல்தான் பிள்ளை ஹவுளோரம் நின்றிருக்கிறான்.

அவனுடைய பெற்றோர் பிரிந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரிவு பற்றிப் பேசிய நாளில் ஜமாஅத் அறையில் நானும் இருந்தேன். மஹர் எவ்வளவு, திருப்பித் தர வேண்டிய நகை எத்தனை பவுன், பீரோ யாருக்கு, அண்டாவும் தாம்பாளமும் யாருக்கு, இத்தாக் காலச் செலவு என்ன, பிள்ளைக்கு மாதம் என்ன என்று இரண்டு மணி நேரம் பேசி ஒரு தாளில் எழுதினோம். சாட்சிக் கையெழுத்தில் என் கையெழுத்தும் உண்டு. அந்தத் தாளில் அண்டாவுக்கு ஒரு வரி இருந்தது. பிள்ளையின் பெருநாளுக்கு ஒரு வரி இல்லை.

அன்று அந்த இரண்டு சட்டைகளைப் பார்த்தபோதுதான் நாங்கள் எதை எழுத மறந்தோம் என்பது எனக்கு விளங்கியது. அந்த மறதியைப் பற்றியே இக்கட்டுரை.

யாருடைய ஹக்கு?

பிரிந்துபோன பெற்றோர் பெருநாள் நெருங்கும்போது பேசுகிற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "பெருநாளன்று என் பிள்ளை என்னோடு இருக்க வேண்டும், அது என் ஹக்கு" என்பார் தந்தை. "வருடம் முழுதும் வளர்ப்பவள் நான், பெருநாள் மட்டும் அவருக்கா? அது என் ஹக்கு" என்பார் தாய். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவர் பேச்சிலும் பிள்ளை ஒரு பொருளாக ஆகிவிடுகிறது. நகையைப் போல, பீரோவைப் போல.

பிள்ளையை வளர்க்கும் ஹிளானத் என்பது வளர்ப்பவருடைய உரிமையா, வளர்க்கப்படும் பிள்ளையுடைய உரிமையா என்று பிக்ஹு அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டும் அதில் கலந்திருக்கின்றன என்பதே பலருடைய முடிவு. ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரையும், பெண் பிள்ளை பருவம் அடையும் வரையும் தாயிடம் இருப்பது பொதுவான சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில், நல்லது கெட்டது பிரித்தறியும் வயது வந்தால் பிள்ளையே தாயையோ தந்தையையோ தேர்ந்துகொள்ளலாம். எந்த மத்ஹபை எடுத்துக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் வேறுபாடு இல்லை: பிள்ளை யாரிடம் இருந்தாலும், மற்றவர் அதைப் பார்ப்பதைத் தடுக்க இவருக்கு அதிகாரம் கிடையாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையின் நேரத்தை இரு பெற்றோருக்கும் பகிர்ந்து வைப்பது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மதரஸாக்களில் அறிமுகமான நூல். அதில் இந்தப் பாடத்தைத் திறந்து பாருங்கள். தாயைத் தேர்ந்துகொண்ட ஆண் பிள்ளை இரவில் தாயிடமும், பகலில் கல்வியும் ஒழுக்கமும் பயில்வதற்காகத் தந்தையிடமும் இருப்பான் என்கிறார். தந்தையைத் தேர்ந்துகொண்டவன் தாயைப் போய்ப் பார்ப்பதைத் தந்தை தடுக்கக் கூடாது என்கிறார். பிள்ளை நோயுற்றால் பணிவிடை செய்யத் தாய்க்கே முன்னுரிமை என்கிறார். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இரவு, பகல், நோய் என்று பிரித்து எண்ணியிருக்கிறார்கள். நாமோ பெருநாளைப் பற்றி எண்ணவில்லை.

பால்குடி மறப்பதற்கே ஆலோசனை

திருமறையின் இரண்டாவது அத்தியாயத்தில் 233ஆவது வசனத்தைச் சற்று நிதானமாக ஓதிப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் துன்பம் தரலாகாது, தந்தைக்கும் துன்பம் தரலாகாது என்று அங்கே அல்லாஹ் கட்டளையிடுகிறான். பால்குடியை நிறுத்துவதாக இருந்தால்கூட இருவரும் மனமொப்பி, கலந்து ஆலோசித்துச் செய்யும்படி சொல்கிறான். தலாக் பற்றிய சட்டங்களுக்கு நடுவே வருகிற வசனம் இது.

எண்ணிப் பாருங்கள். ஒரு கைக்குழந்தைக்குப் பால் நிறுத்துகிற சிறு காரியத்துக்கே, பிரிந்துபோன இருவரும் மஷூரா செய்ய வேண்டும் என்றால், விவரம் தெரிந்த பிள்ளை பெருநாள் காலையில் யார் கையைப் பிடித்துத் தொழப் போவது என்பதற்கு மஷூரா வேண்டாமா? "அவரோடு பேச எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பவருக்கு அந்த வசனம் பதில் சொல்கிறது. கணவன் மனைவி என்ற முடிச்சு அவிழ்ந்துவிட்டது. தாய் தந்தை என்ற முடிச்சு அவிழவில்லை. அது தலாக்கால் அவிழ்கிற முடிச்சும் அன்று.

தோற்றவர் கலங்காமல் தீர்ப்பு

பிள்ளைக்காக வழக்காடியவர்கள் ஸஹாபாக்களிலும் உண்டு. அவர்களும் மனிதர்கள்தாம், அவர்களுக்கும் பாசம் இருந்தது.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரை மணவிலக்குச் செய்திருந்தார்கள். அவர்களுக்கு ஆஸிம் என்றொரு மகன். ஒருநாள் குபாவுக்கு வந்த உமர் (ரலி) அவர்கள், பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டார்கள். கையைப் பிடித்துத் தூக்கித் தம் வாகனத்தில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டியார் ஓடிவந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. பிள்ளையை அந்தப் பெண்மணியிடம் விட்டுவிடும்படி கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. இந்தச் செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. பிற்காலத்தில் உலகமே அஞ்சிய ஒரு மனிதர், தம் மகனைப் பற்றிய வழக்கில் தோற்று, வாய் திறவாமல் திரும்பிப் போனார். இன்று ஒரு பெருநாள் மதியத்தை விட்டுக்கொடுப்பது நம்மால் முடியவில்லை.

இன்னொரு வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னிலையிலேயே வந்தது. ஹிஜ்ரி 7இல் உம்ராவை முடித்து மக்காவிலிருந்து புறப்படும்போது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறு மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். அலி, ஜஅஃபர், ஸைத் (ரலி) ஆகிய மூவரும் அவளை வளர்க்கும் உரிமை தமக்கே என்று வாதாடினார்கள். ஜஅஃபரின் மனைவி அந்தப் பிள்ளைக்குத் தாயுடன் பிறந்தவர். சிற்றன்னை தாயின் இடத்தில் இருப்பவர் என்று சொல்லி அவர் வீட்டிலேயே பிள்ளையை விட்டார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். தீர்ப்பு அதோடு முடியவில்லை. மூவரையும் தனித்தனியே நோக்கி, ஒவ்வொருவர் மனமும் குளிரும்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள். வென்றவருக்கும் ஒரு வார்த்தை. தோற்ற இருவருக்கும் ஒவ்வொரு வார்த்தை.

நம் ஜமாஅத்துகளில் தீர்ப்பு உண்டு. தோற்றவருக்குச் சொல்லும் அந்த ஒரு வார்த்தைதான் இல்லை. அந்த வார்த்தை இல்லாததால்தான், தாளில் முடிந்த வழக்கு பெருநாளன்று பள்ளிவாசல் வாசலில் மறுபடியும் தொடங்குகிறது.

பிறையும் நாள்காட்டியும்

இனி நடைமுறைக்கு வருவோம். பிரிந்த பெற்றோரில் சிலர் குடும்ப நல நீதிமன்றத்தில் ஆணை பெற்றிருப்பார்கள். மாதத்தில் இன்ன ஞாயிறு, பள்ளி விடுமுறையில் பாதி என்று அதில் எழுதியிருக்கும். ஞாயிறு வருவது யாவருக்கும் தெரியும். மே விடுமுறை எப்போது வரும் என்பதும் தெரியும். நம்முடைய பெருநாள் அப்படி வருவதில்லை. ஆங்கில ஆண்டுக்கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னே வருகிறது. 2021இல் நோன்புப் பெருநாள் மே 14; பள்ளி விடுமுறைக் காலம். 2025இல் மார்ச் 31, பரீட்சைக் காலம். அன்று ஒருநாள் மட்டுமே விடுப்பு. வெளியூரில் இருக்கும் தந்தையிடம் பிள்ளையை அனுப்பி அழைத்துவர முடியாது. "விடுமுறை நாட்களில் தந்தையிடம்" என்று பொதுவாக எழுதிய ஆணை ஓர் ஆண்டு ஒத்துவரும். மறு ஆண்டு ஒத்துவராது.

அதிலும் நோன்புப் பெருநாள் இருபத்தொன்பதா முப்பதா என்பது முந்திய மாலைதான் தெரியும். பிறைச் செய்திக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு வீடுகளிலும் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். "நாளைக்கா, நாளை மறுநாளா? எத்தனை மணிக்கு அனுப்புவீர்கள்?" என்று தொடங்குகிற பேச்சு, பழைய கணக்கையெல்லாம் இழுத்து வந்துவிடும். பெருநாள் தக்பீர் முழங்க வேண்டிய இரவில் வீட்டில் சண்டை முழங்கும். ஆகவே இரண்டு விதமாகவும் முன்பே பேசி வைத்துக்கொள்வதே அறிவுடைமை: இன்று பிறை தெரிந்தால் இப்படி, நாளை தெரிந்தால் அப்படி என்று.

நம் ஊர்களில் பிறைக் கருத்து வேறுபாடும் இருக்கிறது. தந்தையின் ஊரில் ஒருநாள், தாயின் தெருவில் மறுநாள் என்று பெருநாள் வருவதுண்டு. இதற்காகப் பெரியவர்கள் சண்டையிடுகிறோம். பிள்ளைக்கோ இரண்டு பெருநாள்! வளைகுடாவில் வேலை பார்க்கும் தந்தை என்றால் பெரும்பாலும் அவருக்கு நேற்றே பெருநாள் முடிந்திருக்கும். நேற்று அவர் அங்கே தொழுதுவிட்டு வந்து பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்கட்டும். இன்று பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவருக்குக் காட்டட்டும். அந்தப் பத்து நிமிடத்தை மறுப்பதில் எந்தத் தாய்க்கும் இலாபம் இல்லை. அப்படிப்பட்ட தந்தைக்கு விடுப்பு கிடைக்கும் மாதம் பெருநாளோடு ஒத்துவருவதும் அரிது. அவர் வந்து இறங்கும் நாளையே பிள்ளைக்கு இன்னொரு பெருநாளாக விட்டுவிட வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளில் அல்லாஹ் நமக்கு வசதி செய்து தந்திருக்கிறான். பிறை பார்த்த பிறகு ஏறத்தாழ பத்து நாள் அவகாசம் உண்டு. பெருநாளை அடுத்து அய்யாமுத் தஷ்ரீக் மூன்று நாள், உண்டு மகிழும் நாட்கள். முதல் நாள் ஒரு வீடு, இரண்டாம் நாள் மறு வீடு என்றால் எவருடைய பெருநாளும் குறைந்துவிடாது. குர்பானியைக்கூட முதல் நாளே கொடுத்தாக வேண்டும் என்பதில்லையே!

ஒரு நாளின் மூன்று பகுதி

நோன்புப் பெருநாளும் நாம் நினைப்பதுபோல் ஒற்றை நாள் அன்று. நம் கணக்கில் நாள் மஃரிபில் தொடங்குகிறது. பிறை கண்ட இரவே பெருநாள்தான். அந்த இரவின் தக்பீரும் மருதாணியும் ஒரு பகுதி. குளித்து, பேரீச்சம்பழம் உண்டு, தொழப் போவது ஒரு பகுதி. மதியச் சாப்பாடும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பெருநாள் காசு வாங்குவதும் ஒரு பகுதி. இரவு தாயிடம், தொழுகை தந்தையோடு, மதியம் பேசி வைத்த முறைப்படி என்று பகிர்ந்தால் ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு எளிது. பெண் பிள்ளை என்றாலும் இதுவே முறை. கன்னிப் பெண்களையும் திடலுக்கு அழைத்துவரச் சொன்னவர்கள் அல்லவா நம் நபி (ஸல்) அவர்கள்!

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது முடியாது. அவர்கள் ஓராண்டு நோன்புப் பெருநாள் இங்கே, ஹஜ்ஜுப் பெருநாள் அங்கே என்றும், மறு ஆண்டு மாற்றியும் வைத்துக்கொள்ளலாம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளையும் மே மாதத்தையும் சேர்த்தே பேசிவிட வேண்டும். மே மாதத்தில் பிள்ளையை வைத்திருப்பவர், அதன் ஓதலையும் தொழுகையையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "அங்கே போனால் ஃபஜ்ருக்கு எழுப்ப மாட்டார்கள்" என்று பிள்ளை மகிழ்ந்து சொல்லும்படி ஒரு வீடு இருந்தால், அந்த வீடு அன்பு காட்டவில்லை, விலை பேசுகிறது.

ஆனால் மணிக்கணக்கைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டால் நீதி செய்தாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நீதிக்கு என்னிடம் ஓர் உரைகல் உண்டு. தந்தை வீட்டில் மகிழ்ந்திருந்த கதையைப் பிள்ளை தாய் வீட்டில் வந்து அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா? தாய் வீட்டு வட்டிலாப்பம் நன்றாக இருந்தது என்று தந்தை முன் சொல்ல முடிகிறதா? முடிந்தால், நேரம் முன்பின் ஆனாலும் அங்கே நீதி இருக்கிறது. முடியாவிட்டால், கடிகாரம் வைத்துப் பிரித்தாலும் அங்கே அநீதிதான்.

"உனக்கு யாரிடம் இருக்கப் பிரியம்? நீயே சொல்" என்று பெருநாள்தோறும் பிள்ளையைக் கேட்பவர்களும் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு சிறுவனிடம் தாயையும் தந்தையையும் காட்டி, விரும்பியவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன ஹதீஸை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அது, வாழ்வது யாரிடம் என்ற வழக்கைத் தீர்க்க, ரஹ்மத்தே உருவான நீதிபதி முன் ஒருமுறை நடந்தது. நாம் கேட்பதோ ஆண்டுக்கு இருமுறை, கோபமுள்ள இரு முகங்களுக்கு முன்னால். இது பிள்ளைக்குத் தரும் தேர்வு அன்று. பெற்றவரில் ஒருவருக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொல்வது.

ஒரு தாயின் கேள்வி

இவற்றையெல்லாம் நான் ஒரு பயானில் சொன்னபோது, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பினார். அதில் இருந்த கேள்வியின் சாரம் இது: காய்ச்சலில் விழித்திருப்பவள் நான். பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குபவள் நான். மாதம் தர வேண்டியதை எட்டு மாதமாகத் தராதவர், பெருநாளன்று புதுச் சட்டையோடு வந்து நிற்கிறார். அன்று பிள்ளையின் கண்ணில் அவர் சுல்தான்; நான் கண்டிக்கிறவள். இதுவா நீதி?

இந்தக் கேள்வியை இலேசாகக் கடந்துவிட எனக்கு மனம் இல்லை. இல்லை சகோதரி, இது நீதி இல்லை. பிள்ளையின் உணவும் உடையும் தந்தை மீது கடமை. பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் கடமை. தொழுகைக்கு முன் கொடுக்கும் ஃபித்ராவில்கூடச் சொத்தில்லாத சிறு பிள்ளைக்காகத் தந்தை கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஃபித்ராவுக்குக் கணக்கில் வருகிற பிள்ளை மற்றப் பதினொரு மாதமும் கணக்கில் வராமல் போகுமா? அந்த மனிதர் பெருநாளன்று கொண்டுவந்த சட்டை அன்பளிப்பு அன்று. கடன்காரர் கொடுத்த ஒரு சிறு தவணை. அவரிடமிருந்து பாக்கியைக் கேட்டு வாங்க ஜமாஅத்தை நாடுங்கள், நீதிமன்றத்தை நாடுங்கள். அது உங்கள் பிள்ளைக்காக நீங்கள் செய்யும் கடமை.

ஆயினும் அந்தப் பாக்கிக்காகப் பெருநாளை அடகு வைக்காதீர்கள். செலவு கிடைப்பதும் பிள்ளையின் ஹக்கு; தந்தையைக் காண்பதும் பிள்ளையின் ஹக்கு. அவர் ஒரு ஹக்கைப் பறித்தார் என்று நீங்கள் இன்னொன்றைப் பறித்தால், இரண்டையும் இழந்து நிற்பது அவர் அல்லர், உங்கள் பிள்ளை.

தந்தையருக்கும் ஒரு சொல். பெருநாளன்று மட்டும் வருகிற தந்தை விருந்தாளி. பரீட்சை நாளிலும் பல்வலி நாளிலும் வருகிறவரே தந்தை. அன்றாடக் கடமையைச் செய்யாமல் பெருநாளை மட்டும் ஹக்கு என்று கேட்பவர், விதைக்காத வயலில் அறுவடைக்கு அரிவாளோடு வந்து நிற்கிறார்.

ஒரு விலக்கையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடிக்கிறவர், குடித்துவிட்டு வருகிறவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிடுவார் என்ற உண்மையான அச்சத்துக்கு இடமளித்தவர் ஆகியோரிடம் பெருநாள் என்ற காரணத்துக்காகப் பிள்ளையை அனுப்புவது விட்டுக்கொடுத்தல் அன்று. அமானத்துக்குச் செய்யும் மோசடி. அங்கே பெரியவர்கள் முன்னிலையிலோ நீதிமன்றம் சொல்லும் இடத்திலோ பார்க்கட்டும். இதில் தாயைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் வெறும் கோபத்துக்கு அச்சம் என்று பெயர் சூட்டவும் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவரவர் உள்ளத்துக்கும் அல்லாஹ்வுக்கும் தெரியும்.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் முதலே நம் நாட்டு நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனைப் பார்த்தே தீர்ப்பளிக்க வேண்டும் என்பது விதி. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். 2015 மே மாதத்தில் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில், பெற்றோர் இருவரும் சேர்ந்து வளர்க்கும் முறைக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பிள்ளை ஒருவரிடம் இருந்தாலும் மற்றவரின் அன்பை அது இழக்கக் கூடாது என்றும், தூரத்தில் இருப்பவர்களுக்கு விடுமுறை நாட்களில் நேரம் தர வேண்டும் என்றும், முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி அழைப்புக்கும் வழி செய்ய வேண்டும் என்றும் விளக்கியது.

ஜமாஅத் எழுதும் தாள் நீதிமன்றத் தீர்ப்பு அன்று. ஆனால் மனமொப்பி எழுதிய நல்ல தாள் பலரை நீதிமன்ற வாசலுக்குப் போகாமல் காக்கும். போனாலும் வழிகாட்டும். ஆகவே ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள்: பாத்திரம் பண்டத்தின் பட்டியலை எழுதுவதற்கு முன், பிள்ளையின் பட்டியலை எழுதுங்கள். இரண்டு பெருநாள், நோன்பில் இஃப்தார் நாட்கள், பிள்ளை வைக்கும் முதல் நோன்பு, குர்ஆன் ஓதி முடிக்கும் நாள், பள்ளி விடுமுறைகள், பாட்டன் பாட்டியைப் பார்க்கும் நாள், அழைத்துப்போகும் இடம், திரும்ப விடும் நேரம். ஒரு பக்கத்துக்கு மேல் வராது. எழுதும்போது இரு தரப்பாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருப்பார்கள். இருக்கட்டும். இருவருக்கிடையே பெருந்தன்மையை மறந்துவிட வேண்டாம் என்று திருமறை (2:237) நினைவூட்டுவதும் மணவிலக்கைப் பற்றிய பேச்சின் நடுவில்தான்.

ஹாஜரா அம்மையார் வளர்த்த பிள்ளை

ஹஜ்ஜுப் பெருநாளின் வரலாற்றையே நினைத்துப் பாருங்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள் ஓர் ஊரில். அன்னை ஹாஜராவும் பிள்ளை இஸ்மாயீலும் மக்காப் பள்ளத்தாக்கில். அந்தப் பிரிவு கசப்பால் வந்ததன்று, இறை ஆணையால் வந்தது. ஆனாலும் பிள்ளையை வளர்த்தவர் தனித்த ஒரு தாய். தந்தை நெடுந்தூரம் பயணம் செய்து வந்து பார்த்துப்போகிறவர். அந்தப் பிள்ளைதான், தந்தை அழைத்தபோது மறுக்காமல் பலிக்குத் தலை கொடுக்க முன்வந்தது. கஅபாவைக் கட்டத் தந்தைக்குக் கல் எடுத்துக் கொடுத்தது. தந்தையைப் பற்றிய வெறுப்பை அந்தத் தாய் பிள்ளையின் மனத்தில் ஊட்டியிருந்தால் இது நடந்திருக்குமா?

குர்பானியின் இறைச்சி அல்லாஹ்வை அடைவதில்லை, நம்முடைய தக்வாவே அவனை அடைகிறது என்று திருமறை (22:37) கற்பிக்கிறது. பெருநாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை வாரி, மனம் வலிக்க வலிக்கச் சிரித்த முகத்தோடு தந்தையிடம் அனுப்பிவிட்டு, காலியான வீட்டில் தொழுகை விரிப்பில் உட்காரும் தாயின் தக்வாவை அவன் அறியமாட்டானா? பேசிய நேரத்துக்குப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தனியே நடந்துபோகும் தந்தையின் தக்வாவை அறியமாட்டானா?

அந்தச் சிறுவனின் கதைக்குத் திரும்புகிறேன். அந்தப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் இரு தரப்பாரையும் மறுபடி அழைத்தோம். பழைய தாளோடு இன்னொரு தாள் சேர்ந்தது. எளிதில் முடியவில்லை, மூன்று முறை உட்கார்ந்தோம். ஒருமுறை அத்தா எழுந்தே போய்விட்டார். ஆனாலும் முடிந்தது.

மறு ஆண்டுப் பெருநாளில் பிள்ளை அத்தாவோடு தொழ வந்தான். ஒரு சட்டைதான் போட்டிருந்தான். தொழுகைக்குப் போகும்போது ஒரு வழியிலும் வரும்போது வேறு வழியிலும் வருவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத். அவன் அத்தா வீட்டுத் தெரு வழியாக வந்தான். தொழுகை முடிந்து மாமுவோடு அம்மா வீட்டுத் தெரு வழியாகப் போனான். வாசலில் அத்தாவும் மாமுவும் ஒருவருக்கொருவர் ஸலாம் மட்டும் சொல்லிக்கொண்டார்கள். வேறு எதுவும் பேசவில்லை. பிள்ளைக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிரிந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பெருநாளைப் பெருநாளாக ஆக்கிவைக்கும் பெருந்தன்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.